கடுப்பும் பழியும்: ஊவாத் தோட்டங்களின் வயிற்று வரலாறு

பசறையிலிருந்து லுணுகலை நோக்கிச் செல்லும் பாதையை அடுத்த தோட்டம் ஒன்றிலிருந்து நம் வகுப்புக்கு வந்து பயின்ற மாணவி ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பின் இரண்டாந் தவணையில் பாடசாலைக்கு வருவதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டாள். முதலில் வாரத்துக்கு ஒரு நாள் வராதிருந்தாள். பிறகு மூன்று நாள். பிறகு வரவே இல்லை. தமிழ்ப் பாடத்தில் வகுப்பின் முதல் மாணவி அவள். காரணம் கேட்டபோது, உடன் பயிலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "வயித்துக்கடுப்பு சேர்" என்று தணிந்த குரலில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டைத் தேடிச் சென்றோம். லயத்தின் கோடிக் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. அவள் தாயிடம் நாம் கூறிய முதல் வார்த்தை இதுதான்: "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் அம்மா, பிள்ளைகளைக் கை கழுவப் பழக்குங்கள்."

அந்தத் தாய் கோபப்படவில்லை. "கொதிக்க வச்ச தண்ணிதாங்க சேர் குடுக்கிறோம். ஒரே பானைத் தண்ணியத்தான் அஞ்சு பேரும் குடிக்கிறோம். மத்த நாலு பேருக்கும் ஒண்ணுமில்லீங்களே" என்றார்.

நோயின் காரணத்தை ஆராயும் முறை முழுவதும் அந்த ஒரு பதிலில் அடங்கியிருந்தது. ஆயினும் அன்று அது நம் செவியில் ஏறவில்லை. தோட்டத்து மருந்தகத்திலும் அங்காடிக் கடைகளிலும் கிடைத்த மாத்திரைகளை விழுங்கி, பூச்சி மருந்து குடித்து, ஓரிடத்தில் "சுத்தமாக இருக்கப் பழகு" என்ற அதட்டலும் கேட்டு, எட்டு மாதம் கழிந்த பின்னரே பெரிய வைத்தியசாலை ஒன்றில் குழாய்க் கருவியைச் செலுத்தி அவளது பெருங்குடலை உள்ளே பார்த்தார்கள். கிருமி இல்லை, அமீபா இல்லை, புழு இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர் சொன்னார்கள். புண்ணோடு கூடிய பெருங்குடல் அழற்சி என்று நாம் தமிழில் சொல்லலாம். அழுக்கினால் வருவதன்று, கை கழுவாமையால் வருவதன்று, உடலின் காப்புப் படையே தன் குடலின் மேல் திரும்பிப் போர்தொடுப்பதால் வருவது.

நோயாளியின் வாய் திறக்குமுன்னே நம் வாயில் அந்த உபதேசம் எப்படி வந்து நின்றது? நாமும் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்தாமே. தொழிலாளரின் துயரத்தை எழுதும் இலக்கியத்தைப் படிப்பவர்தாமே! இக்கேள்விதான் நம்மைப் பழைய நூல்களுக்குள் இட்டுச் சென்றது. ஊவாவின் தோட்டங்களில் வயிற்றுக்கடுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் கிருமி ஒரு பாத்திரம்; பழி மற்றொரு பாத்திரம். இரண்டும் ஒரே கப்பலில் வந்தவை அல்ல.

கடுப்பு என்னும் சொல்லை நம் முன்னோர் வீணாக ஆளவில்லை. வயிற்றுளைவு, சீதபேதி, இரத்தபேதி என்று மக்கள் வழங்கிய பெயர்களையும், கழிச்சல், கிராணி என்று சித்த வைத்தியர் வகுத்த பெயர்களையும் அடுக்கிப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஓர் உறுப்பின் ஒவ்வொரு முறையீடாக இருப்பது புலப்படும். பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள குழாய். உணவைச் செரிப்பது அதன் வேலையன்று. செரித்தது போக எஞ்சிய கூழிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டு உடலுக்குத் தருவதே அதன் தொழில். அதன் உட்சவ்வு புண்பட்டு வீங்கினால் நீரை மீட்க இயலாது; கழிச்சல் உண்டாகிறது. சவ்வு தன்னைக் காக்கச் சுரக்கும் வழுவழுப்பு வெளிவருகிறது, அதுவே சீதம். புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது. மலக்குடல் வெறுமையாய் இருந்தும் நிரம்பியிருப்பதாக எண்ணி மீண்டும் மீண்டும் முறுகுகிறது, அதுவே கடுப்பு. அழற்சியுற்ற பெருங்குடலுக்குத் தெரிந்த மொழி இவ்வளவே. அமீபா புண்படுத்தினாலும், பற்றீரியா புண்படுத்தினாலும், உடலே தன்னைப் புண்படுத்திக்கொண்டாலும் அது இந்தச் சில சொற்களிலேயே பேசும். காரணம் பலவாய் இருக்க மொழி ஒன்றாய் இருப்பதே இந்நோயை அறிவதில் உள்ள இடர்ப்பாடு.

இனி ஊவாவுக்கு வருவோம். தோட்டங்கள் தோன்றுமுன்பே இம்மலைநாட்டில் இரத்தபேதி பெரிய கொலைகாரனாய் இருந்தது. 1817ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் மூண்ட கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படையினரில், கிளர்ச்சிக்காரரின் அம்புக்கும் குண்டுக்கும் இரையானவரினும் காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் இரையானவரே மிகுதி. அப்போது இலங்கையில் இருந்த படை வைத்தியர் இருவர், ஹென்றி மார்ஷல், ஜோன் டேவி என்போர், 1821இல் தத்தம் நூல்களை வெளியிட்டனர். டேவியின் கணக்குப்படி ஆங்கிலத் தரப்பின் இழப்பு ஏறத்தாழ ஆயிரம். மொத்தப் படையில் ஐந்தில் ஒரு பங்கு. ஊவாவின் குடிமக்களோ? அவர்களது வீடுகள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன. போரிலும் பஞ்சத்திலும் நோயிலும் அவர்கள் பத்து மடங்கு, அதாவது பதினாயிரம் பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று அதே டேவி ஊகிக்கின்றார். படைவீரனின் சாவு எண்ணப்பட்டது. குடியானவனின் சாவு பத்தால் பெருக்கி ஊகிக்கப்பட்டது. மார்ஷல் பிற்காலத்தில் பிரித்தானியப் படையின் மரணக் கணக்கியலுக்கே முன்னோடியானார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கணக்கெடுக்கும் கலை அவர்களிடம் இல்லாமல் இல்லை. யாரைக் கணக்கில் சேர்ப்பது என்பதே அங்கு முடிவு செய்யப்பட்ட பொருள்.

(அதே 1817ஆம் ஆண்டில்தான் பாரிஸ் நகரில் பெல்லெற்றியே, மஜாந்தி என்னும் இருவர் இபெக்காகுவானா வேரிலிருந்து எமெற்றின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். அமீபாக் கடுப்புக்கு அது மருந்தாக ஊசிமூலம் ஏறுவதற்கு இன்னும் 95 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.)

கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1840களில் தமிழகத்து உழவர் பெருமக்கள் கூட்டங்கூட்டமாக இந்நாட்டுக்கு நடந்து வந்த கதையை வாசகர்கள் அறிவார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். குட்டையில் கிடைத்த நீரே குடிநீர். அதே குட்டையின் கரையே மறைவிடம். வாந்திபேதியும் வைசூரியும் இரத்தபேதியும் அவ்வழியில் உடன் நடந்தன. 1840களில் மாண்டவர் 70,000 பேர் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' மதிப்பிட்டது. அந்நாளைய துறைமுகக் கணக்குகள் செவ்வையானவை அல்ல. ஆதலால் அத்தொகையைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் பலவாறு குறைத்தும் திருத்தியும் கூறுவர். குறைத்துக் கூறுவோரும் அந்தப் பாதை சாவின் பாதை என்பதை மறுத்தாரில்லை.

ஊவாவுக்கு வந்தவர்களுக்கு அப்பாதை மாத்தளையோடு முடியவில்லை. கண்டியையும் நுவரெலியாவையும் கடந்து மேலும் பல நாள் குளிரிலும் மழையிலும் மலையேறி நடந்தே அவர்களிற் பெரும்பாலோர் பதுளைச் சீமையை அடைந்தார்கள். புகையிரதம் 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல்தான் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. அதாவது, ஊவாவின் கோப்பிக் காலம் முழுவதும் கால்நடைக் காலமே. தாழ்நிலத்தில் தொற்றிய கடுப்போடு, பட்டினியோடு, ஈர உடையோடு வந்தவன் தோட்டத்தை அடைந்த சில வாரங்களில் இறந்தால், "இந்தியாவிலிருந்து நோயோடு வந்தவன்" என்று துரைமார் சொல்வது வழக்கம். நோய் வழியில் பிறந்தது. வழியோ தோட்டத்துக்காகவே பிறந்தது.

1869இல் கோப்பிச் செடியை அழித்த இலைத்துரு நோய் முதன்முதல் இலங்கையில் கண்டறியப்பட்டது ஊவாவின் மடூல்சீமையிலேதான். செடிக்கு வந்த நோயை ஆராய இங்கிலாந்திலிருந்து தாவரவியல் அறிஞர் மார்ஷல் வார்ட் அழைக்கப்பட்டார். அவர் 1880 முதல் இரண்டாண்டுகள் இங்கு தங்கி, காளானின் வாழ்க்கை வட்டத்தையே எழுதி முடித்தார். செடியைப் பேணியவனின் குடலை எவரும் அவ்வளவு பொறுமையாக ஆராய்ந்ததாக நாம் காணவில்லை.

கோப்பி போய்த் தேயிலை வந்தது. இம்மாற்றம் வயிற்றின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம். கோப்பி பருவப் பயிர்; பறித்து முடிந்ததும் கூட்டம் ஊருக்குத் திரும்பும். தேயிலைக்கோ பன்னிரண்டு மாதமும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே ஆடவர் மட்டுமன்றிப் பெண்டிரும் பிள்ளைகளும் குடும்பம் குடும்பமாக ஒரே இடத்தில் நிலைபெற்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்கள். மலசலகூடம் என்பது ஆரம்பத்தில் எண்ணத்திலேயே இல்லை. தேயிலைச் செடியின் அடியே மலங்கழிக்கும் இடமாயிற்று. மழை பெய்தால் அம்மண் எங்கே செல்லும்? ஊவாத் தோட்டத்தின் நில அமைப்பை ஒருமுறை நடந்து பார்த்தவருக்கு விடை தெரியும். மேற்கணக்கின் லயம் மேலே. பணியக்கணக்கின் லயம் கீழே. இடையில் ஓடும் கானும் ஊற்றும் பீலியாக வடிந்து கீழே உள்ளவரின் குடத்தில் விழும். மேட்டு லயத்தின் கழிவு பணிய லயத்தின் குடிநீர். இதிலே பழக்கம் எங்கிருந்து வந்தது? லயத்தை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவன் தொழிலாளி அல்லனே!

அந்நீரில் என்ன இருந்தது என்பதை உலகம் மெல்லவே அறிந்தது. 1875இல் ரசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் லெஷ் என்னும் வைத்தியர், இரத்தபேதியால் வருந்திய ஏழைக் குடியானவன் ஒருவனின் மலத்தில் அமீபாவைக் கண்டார். 1897இல் யப்பானில் ஏறத்தாழ 90,000 பேரைப் பற்றிய பெருங்கடுப்பின்போது கியோஷி ஷிகா என்னும் இளைஞர் அதற்குரிய பற்றீரியாவைக் கண்டறிந்தார்; அது இன்றும் அவர் பெயராலேயே ஷிகெல்லா எனப்படுகிறது. அமீபா உறையிட்ட வடிவில் நீரில் நெடுநாள் பிழைத்திருக்கும். குடலை அடைந்ததும் உறையைக் களைந்து சவ்வைத் துளைக்கும். சிலருக்கு ஈரலிலும் சீழ்க்கட்டியை உண்டாக்கும். ஷிகெல்லாவோ நூற்றுக்கும் குறைவான எண்ணிக்கையில் உட்சென்றாலே போதும். விரல் நுனியில் ஒட்டியிருப்பதே ஒரு லயத்தைப் படுக்கையில் வீழ்த்தும். 1912இல் கல்கத்தாவில் லெனாட் றொஜர்ஸ் எமெற்றினை ஊசிவழி செலுத்தி அமீபாக் கடுப்பைக் குணப்படுத்தலாம் என்று காட்டினார். மருந்து வேறு, நோய் வேறு என்னும் தெளிவு அப்போதுதான் பிறந்தது. எமெற்றின் அமீபாவைக் கொல்லும். ஷிகெல்லாவை ஒன்றும் செய்யாது. ஆகவே இரண்டையும் பிரித்தறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும், அதைப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். தோட்டத்து மருந்தறைகளிலோ ஒரு டிஸ்பென்சரும் சில போத்தல்களுமே இருந்தன.

சட்டங்கள் இல்லாமற் போகவில்லை. சாகுந் தறுவாயில் உள்ளவனை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டுப் பெயரைச் செக்றோலிலிருந்து வெட்டிவிடும் வழக்கம் வெளிப்பட்டு, அரசாங்கத்துக்கு வெட்கக்கேடான பின்னரே, 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான முதற் சட்டம் வந்தது. செலவைத் துரைமாரின் மாவட்டக் குழுக்களே திரட்டவேண்டும் என்றது அச்சட்டம். நோயாளி குணமடைவதில் ஊதியம் காணாதவரிடம் நோயாளியின் செலவை ஒப்படைத்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. பத்தாண்டுக்குள் முறை மாற்றப்பட்டு அரசாங்கமே அப்பொறுப்பை ஏற்றது. பின்னர் 1912இல் வந்த சட்டங்கள், தத்தம் தோட்டத்தில் மருந்தகமோ வைத்தியசாலையோ நடத்தும் கம்பனிகளுக்கு வரிக்கழிவு வழங்கின. ஆஸ்பத்திரிகள் சில எழுந்தன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் வரிக்கழிவு கட்டிலுக்குக் கிடைத்தது; கானுக்கும் பீலிக்கும் கிடைக்கவில்லை. நோய் வந்தபின் படுக்க இடம் தரும் சட்டத்தை ஆக்கியவர்கள், நோய் வரும் வழியை அடைக்கும் செலவை அவ்வளவு விரைவில் விரும்பவில்லை.

இவ்விடத்தில் கொக்கிப்புழுவின் கதையையும் சிறிது சொல்லவேண்டும். அது சிறுகுடலில் வாழ்வது. நம் பொருளுக்கு ஓரளவு அயலது. எனினும் பழியின் வரலாற்றில் அது மிகவும் வேண்டப்படுவது. இலங்கையின் தலைமை வைத்திய அதிகாரியாய் இருந்த கின்சி, 1887இல் தொழிலாளரிடையே காணப்பட்ட சோகை நோயைப் பற்றி நீண்ட அறிக்கை எழுதி, அதனை பெரிபெரியோடு ஒன்றாக்கினார். உண்மையில் அது பெரிதும் கொக்கிப்புழுவின் வேலை. ஐரோப்பாவில் சென் கொதாட் மலைச்சுரங்கத்தை அகழ்ந்த இத்தாலியத் தொழிலாளரிடம் 1880இலேயே அப்புழு சோகைக்குக் காரணம் என்று கண்டிருந்தார்கள். பின்னர் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் வந்து, 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, சில மாதங்களில் மீண்டும் வந்தது. காரணம் வெளிப்படை: மலசலகூடம் இல்லை. அதைக் கட்டுக என்றபோது, தொழிலாளர் அவற்றைப் பயன்படுத்த மாட்டார்கள், அது அவர்களுடைய பழக்கத்துக்கு ஒவ்வாது என்னும் விடை துரைமாரிடமிருந்து வந்தது. இல்லாத கூடத்தைப் பயன்படுத்தாதவன் குற்றவாளியானான்! இந்த வாதத்தின் அழகை நியாயசாத்திரம் கற்போர் சற்று நின்று நோக்குவார்களாக.

மண்டபம் முகாமில் சில நாள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, புழு மருந்தும் புகட்டி அனுப்பினார்கள். அங்கிருந்து வந்தவன் ஊவாவின் மண்ணில் கால் வைத்ததும் அதே புழுவையும் அதே கடுப்பையும் மீளப் பெற்றான். முகாமின் வாயிலில் நோய் தொழிலாளியினுடையது; தோட்டத்தின் வாயிலில் எவருடையதும் அன்று.

ஊவாவில் 1940இல் எழுந்த வேலைநிறுத்த அலையையும், பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தெரிந்தெடுத்த குழுவோடு துரை இணங்கிப்போக நேர்ந்ததையும் பற்றி நம் தோழர்கள் எழுதியுள்ளார்கள். சம்பளத்தின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு மலசலகூடத்தின் வரலாறு எழுதப்படவில்லை. எழுதுவோர் கூச்சப்படுகிறார்கள் போலும். 1948இல் குடியுரிமை பறிபோனதும், அதனோடு வாக்குரிமை போனதும் அரசியல் வரலாறு என்கிறோம்; அது வயிற்று வரலாறும் ஆகும். வாக்கில்லாதவனின் பீலிக்கு எந்த உறுப்பினன் குழாய் போடுவான்? 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் சாவு உயர்ந்தபோது, பட்டினியால் மெலிந்த குழந்தைகளைக் கடைசியாகக் கொண்டுபோனவற்றில் வயிற்றோட்டம் முதன்மையானது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. லயங்கள் எங்கும் செல்லவில்லை.

இன்னொரு சட்டத்தையும் மாணவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். அதன் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டத்துக்குள் பாதை, நீர் முதலியவற்றுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட முடியாதிருந்தது. ஊரின் கிணற்றைச் சபை திருத்தும். வேலிக்கு அப்பால் உள்ள தோட்டத்தின் பீலியைத் தொடாது. 2003இல் குடியுரிமைச் சிக்கல் சட்டத்தால் பெருமளவு தீர்ந்த பின்னரும் இந்தப் பிரிவு நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்களிக்கும் உரிமை பெற்ற மனிதனுக்கும் அவன் வாக்களித்த சபையின் குழாய்க்கும் இடையே அவ்வளவு காலம் ஒரு வேலி இருந்தது.

நிற்க. கிருமியினால் வரும் கடுப்பின் கதை இது. இதைக் கற்றவர்கள் எல்லாக் கடுப்பையும் நீரிலும் கையிலும் தேடுவது இயல்பே. நம் மாணவிக்கு நேர்ந்ததோ வேறொன்று. அந்த வேறொன்றின் வரலாறும் ஒரு பழியோடுதான் தொடங்குகிறது என்பதைக் கண்டபோது நாம் வியந்தோம்.

1859இல் இலண்டனில் இசபெல்லா பாங்க்ஸ் என்னும் நாற்பது வயது கடந்த மாது நீங்காத இரத்தக் கழிச்சலால் இறந்தாள். அவளோடு வாழ்ந்த தோமஸ் சிமெதர்ஸ்ட் என்னும் வைத்தியன், முன்னரே மணமானவன், அவளது சொத்துக்காக நஞ்சூட்டினான் என்று குற்றஞ்சாட்டப்பட்டான். பெயர்பெற்ற இரசாயன அறிஞர் ரெயிலர் ஒரு போத்தலில் ஆசனிக்கு இருப்பதாகச் சான்று கூறினார். பின்னர், அந்த ஆசனிக்குத் தம் சோதனைக்குப் பயன்படுத்திய செம்பிலிருந்தே வந்தது என்று அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எனினும் சிமெதர்ஸ்ட்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இறந்தவளின் குடலை ஆராய்ந்த சாமுவேல் வில்க்ஸ், அது நஞ்சின் வேலையன்று, பெருங்குடல் முழுதும் புண்பட்ட ஒரு நோய் என்று எழுதினார். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெயர் வைத்திய நூல்களில் புகுந்தது அந்த எழுத்தோடுதான். (அவளுக்கிருந்தது அதனோடு உறவுடைய குரோன் நோயாக இருக்கலாம் என்று இன்றைய அறிஞர் சிலர் கருதுவர்.) தூக்குத் தண்டனை நீக்கப்பட்டது, இருதார மணக் குற்றத்துக்காக மட்டும் அவன் சிறை சென்றான். அந்த நோய்க்குப் பெயரிட ஒருவர் இல்லாதிருந்தால் ஒரு கழுத்து போயிருக்கும்.

பழி அதோடு ஓய்ந்ததா? இல்லை. 1930களிலிருந்து சில பத்தாண்டுகள், இந்நோய் நோயாளியின் மனப்போக்கிலிருந்து எழுவது, தாயைச் சார்ந்து நிற்கும் பலவீனரைப் பற்றுவது என்று மேனாட்டு உளவைத்தியர் பலர் கூறினர். ஏழையின் குடல் புண்பட்டால் அவன் கை அழுக்கு. செல்வனின் குடல் புண்பட்டால் அவன் மனம் பலவீனம். உளவாதம் கைவிடப்பட்டுவிட்டது. பரம்பரைக் கூறும், குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும், உடலின் எதிர்ப்பாற்றலும் ஒன்றோடொன்று பிணங்குவதே காரணம் என்று இன்று கொள்ளப்படுகிறது. முழு விளக்கம் இன்னும் கிட்டவில்லை. முற்றாக அகற்றும் மருந்தும் இல்லை. ஆனால் அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. சுவீடன் நாட்டுப் பெண் வைத்தியர் நன்னா ஸ்வார்ட்ஸ் 1940களில் சல்பாசலசீனைக் கொண்டுவந்தார். 1955இல் ஒக்ஸ்போட்டில் ரூலவ், விற்ஸ் என்பார் கோட்டிசோன் மருந்து கடும் தாக்குதலில் உயிர் காக்கும் என்பதை முறையான சோதனையால் நிறுவினர்.

இங்கேதான் இரு வரலாறுகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கோட்டிசோன் வகை மருந்து உடலின் எதிர்ப்பைத் தணிப்பது. உடலே தன்னை எரிக்கும் அழற்சியில் அது தண்ணீர். அமீபா உள்ள குடலிலோ அது நெருப்பில் வார்த்த எண்ணெய். குடல் துளைபட்டு உயிர் போதலும் உண்டு. ஆகவே நம்மைப் போன்ற நாடுகளில் முதலில் மலத்தைச் சோதித்து அமீபாவையும் பற்றீரியாவையும் விலக்கிய பின்னரே மற்றதை எண்ணவேண்டும். மறுதலையாக, நோயாளி தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதற்காக மாதக்கணக்கில் கிருமி மருந்தையே மாற்றி மாற்றிக் கொடுப்பதும் தவறு. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இரத்தமும் சீதமும் நிற்காமற் போனால், இரவில் உறக்கம் கலைந்து எழ நேர்ந்தால், எடை குறைந்தால், ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் நோய் நீடித்தால் குழாய்க் கருவிச் சோதனைக்கு அனுப்பவேண்டும். அந்தத் தாய் சொன்ன "மத்த நாலு பேருக்கும் ஒண்ணுமில்லீங்களே" என்பது இதுதான்.

இலங்கையில் இந்நோய் அரிது என்று நெடுங்காலம் எண்ணினார்கள். கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2010இல் வெளியான கணக்கு, ஓர் இலட்சம் பேரில் ஐவருக்குச் சற்று மேல் என்று கூறியது. மேனாடுகளை நோக்க மிகக் குறைவே. ஆனால் அது கருவியும் நிபுணரும் உள்ள மேல்மாகாணத்துக் கணக்கு. கருவி இருக்கும் இடத்தில்தானே நோயும் தென்படும்!

சுத்தத்தைப் பற்றி நாம் ஏளனம் பேசுவதாக எவரும் கொள்ளவேண்டா. கொதித்த நீரும் கழுவிய கையும் ஊவாவில் இன்றும் உயிர் காப்பவை. வகுப்பில் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். இப்போது சொல்லும்போது பீலி எங்கிருந்து வருகிறது, அதன் மேலே யாருடைய லயம் இருக்கிறது என்றும் பிள்ளைகளைக் கேட்கிறோம். ஒருமுறை எட்டாம் வகுப்பினர் தங்கள் தங்கள் தோட்டத்தின் ஊற்றுக்கண்ணிலிருந்து குடம் வரைக்கும் படம் வரைந்து கொண்டுவந்தார்கள். முப்பத்திரண்டு படங்களில் பத்தொன்பதில் ஊற்றுக்கு மேலே மலசலகூடமோ மாட்டுப்பட்டியோ இருந்தது. ஒருவன் ஊற்றைச் சுற்றி வேலியும் போட்டிருந்தான். அப்படி ஒரு வேலி உண்டா என்று கேட்டோம். "இல்ல சேர், இருந்தா நல்லாருக்கும்னு போட்டேன்" என்றான்.

அந்த மாணவி ஓராண்டு பிந்திச் சாதாரண தரப் பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது உயர்தரம் படிக்கிறாள். மாத்திரை நாள்தோறும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை தாயும் மகளும் விடியற்காலைப் பஸ்ஸில் கிளினிக்குக்குப் புறப்படுகிறார்கள். இலக்கம் எடுத்து, காத்திருந்து, மருந்து வாங்கித் திரும்ப மாலை நான்கு மணி ஆகிறது. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு நில்லாதவருக்கு அன்று பேர் விழாது. மாதத்தில் அந்த ஒரு நாள் தாய்க்கு அரைப்பேரும் இல்லை.